அமெரிக்கத் துப்பாக்கிச்சூட்டுச் செய்திகளும் நம் மனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பள்ளி, அங்காடி, வழிபாட்டிடம், இசை நிகழ்ச்சி என ஏதோ ஓரிடத்தில் ஒருவர் துப்பாக்கியுடன் நுழைந்து பலரைச் சுட்டார் என்ற செய்தி, அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அவர்களை நினைத்துக்கொண்டு ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் பழகிப்போன ஒன்றாகிவிட்டது. பழகிப்போனாலும் அது மனத்தை விட்டுவைப்பதில்லை. அச்செய்திகளைக் கேட்கும்போது எழும் அச்சம், கோபம், மரத்த நிலை, குற்ற உணர்வு ஆகியவை குறித்துத் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. துப்பாக்கிச் சட்டங்களை விவாதிப்பது இதன் நோக்கமன்று; ஆயினும் கோபத்தைப் பற்றிப் பேசுமிடத்தில் அதை முற்றிலும் தவிர்க்க இயலவில்லை.

நான் சம்பவ இடத்தில் இல்லை. இறந்தவர்களில் எவரையும் எனக்குத் தெரியாது. பிறகு ஏன் எனக்குத் தூக்கம் வரவில்லை?

இறந்தவர்கள் யாரோ என்றாலும் இடம் நமக்குத் தெரிந்த இடமாக இருக்கிறது. 2012 டிசம்பர் 14 அன்று கனெடிகட் மாநிலம் நியூடவுனில் உள்ள சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளியில் கொல்லப்பட்ட 20 குழந்தைகளும் ஆறு, ஏழு வயதினர். அவர்களுடன் பள்ளியில் பணியாற்றிய ஆறு பெரியவர்களும் இறந்தனர். அன்று காலையில் அந்தப் பெற்றோர் செய்ததும், இன்று காலையில் நீங்கள் செய்ததும் ஒன்றுதான்: பிள்ளைக்கு உணவு கட்டிக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினீர்கள். 2019இல் எல் பாசோவில் நடந்தது வால்மார்ட்டில். 2022இல் பஃபலோவில் நடந்தது பலசரக்கு வாங்கும் பேரங்காடியில். 2023இல் மெய்ன் மாநிலம் லூயிஸ்டனில் நடந்தது பௌலிங் விளையாட்டுக் கூடத்திலும் ஒரு மதுக்கூடத்திலும். போர்க்களத்தைப் பற்றிய செய்தியைக் கேட்கும்போது மனம் ஒரு தூரத்தை வைத்துக்கொள்கிறது. இங்கே அந்தத் தூரத்தை வைத்துக்கொள்ள இடமில்லை.

நீங்கள் மட்டும் இப்படி உணர்வதாகவும் எண்ண வேண்டாம். 2019 ஆகஸ்டில் எல் பாசோவிலும் ஓஹையோவின் டேட்டனிலும் ஒரு நாள் இடைவெளிக்குள் இரு துப்பாக்கிச்சூடுகள் நடந்த பின்னர், அமெரிக்க உளவியல் சங்கம் நடத்திய கருத்துக்கணிப்பில், இத்தகைய சம்பவம் நேரக்கூடும் என்ற எண்ணமே தமக்கு மன அழுத்தம் தருவதாக 79 விழுக்காட்டினர் கூறினர். அந்த அச்சத்தால் சில இடங்களுக்கோ நிகழ்ச்சிகளுக்கோ போவதையே தவிர்ப்பதாக மூவரில் ஒருவர் கூறினார். தூக்கமின்மை, திடுக்கிடல், பசியின்மை, காரணமின்றி எரிச்சல்படுதல் ஆகியவை முதல் சில நாட்களில் வருவது இயல்பு. பெரும்பாலானோருக்கு அவை தாமாகவே தணிந்துவிடுகின்றன.

ஒரு சம்பவத்துக்கு அழுகிறேன். அடுத்ததற்கு எதுவும் தோன்றுவதில்லை. என் மனம் மரத்துப்போய்விட்டதா?

மிகுந்த வெட்கத்துடன் கேட்கப்படும் கேள்வி இது. 2022 மே 14 அன்று பஃபலோவில் 10 பேர் கொல்லப்பட்டனர். பத்தே நாட்களில், மே 24 அன்று, டெக்சஸ் மாநிலம் யுவால்டியில் ஒரு தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியர்களும் கொல்லப்பட்டனர். முதல் துக்கத்துக்குரிய நாட்களே முடியாத நிலையில் இரண்டாவது வந்து சேர்ந்தது. 2023 ஜனவரியில் கலிபோர்னியாவில் இடைவெளி இன்னும் குறைவு: சந்திரப் புத்தாண்டுக்கு முந்தைய இரவில் மான்டரே பார்க் நடனக் கூடத்தில் 11 பேர் உயிரிழப்பதற்குக் காரணமான தாக்குதல் நடந்த இரண்டாம் நாளே ஹாஃப் மூன் பேயின் பண்ணைகளில் ஏழு பேர் கொல்லப்பட்டனர். இந்த வேகத்தில் ஒவ்வொன்றுக்கும் முழுமையாகத் துக்கப்படும் ஆற்றல் எந்த மனிதருக்கும் இல்லை. மனம் ஒரு கட்டத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறது. அது இரக்கம் தீர்ந்துபோனதற்கான அறிகுறி என்று கொள்ளத் தேவையில்லை. மறுநாள் எழுந்து வேலைக்குச் செல்வதற்காக உடலும் மனமும் செய்துகொள்ளும் ஏற்பாடு என்றே கொள்ளலாம்.

ஆரிகன் பல்கலைக்கழக உளவியலாளர் பால் ஸ்லோவிக் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் பொருள் இதுவே. எண்ணிக்கை கூடக்கூட இரக்கமும் கூடும் என்று நாம் நம்புகிறோம். நடைமுறையில் நேர்மாறாக நிகழ்கிறது. ஒற்றைக் குழந்தையின் படத்தைக் கண்டு உருகி உதவ முன்வருபவர்களின் உணர்வு, இரண்டு குழந்தைகள் என்றவுடனேயே சற்றுத் தளரத் தொடங்குவதை அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் சோதனைகளில் கண்டனர். ஆகவே ‘எட்டுப் பேர் பலி’ என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு விரல் தானாகவே அடுத்த செய்திக்கு நகர்ந்தால், உங்களைக் கல்நெஞ்சர் என்று தீர்ப்பளித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். மரத்த நிலை செய்தியோடு நின்றால் கவலையில்லை. அது வீட்டுக்குள் வந்து, பிள்ளையின் பேச்சிலும் துணையின் அருகாமையிலும் உங்களுக்கு விருப்பமான எதிலும் மனம் ஒட்டாத நிலையாக வாரக்கணக்கில் நீடித்தால், இறுதிக் கேள்விக்கான விடையைப் படியுங்கள்.

ஆண்டுக்கு எத்தனை நடக்கின்றன? ஒவ்வொருவரும் ஒவ்வோர் எண்ணைச் சொல்கிறார்களே?

வரையறைகள் வேறுபடுவதே காரணம். கன் வயலன்ஸ் ஆர்கைவ் என்னும் அமைப்பு, சுட்டவரை நீக்கி நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் மீது குண்டு பாய்ந்தால், எவரும் இறக்காவிட்டாலும், அதைக் கணக்கில் சேர்க்கிறது. அக்கணக்கின்படி 2020 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் 600க்கு மேற்பட்ட சம்பவங்கள் நடந்தன. பொதுவிடத்தில் நான்கு பேருக்கு மேல் கொல்லப்பட்டவற்றை மட்டும் எண்ணினால் தொகை மிகவும் சுருங்கிவிடும். இரண்டும் பொய்யல்ல. ஆனால் முதல் எண்ணைப் படித்துவிட்டு, யுவால்டி போன்றது நாளுக்கு இரண்டு நடப்பதாகக் கற்பனை செய்துகொள்வது தேவையற்ற பீதியையே தரும்.

என் அச்சம் நியாயமானதா, மிகையானதா?

அச்சத்துக்கு அடிப்படை உண்டு. அதன் அளவு உண்மையுடன் ஒத்துப்போவதில்லை. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000க்கும் அதிகம். அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள். எஞ்சியவற்றில் மிகப் பெரும்பகுதி தனித்தனிக் கொலைகள். செய்திகளை நிறைக்கும் பெருந்தாக்குதல்கள் அந்தத் தொகையில் மிகச் சிறிய பங்கே. ஒருவர் கடைக்குப் போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பிய கோடிக்கணக்கான மாலைகளைப் பற்றிச் செய்தி வெளிவருவதில்லை என்பதால் மனத்தின் கணக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதும் சரியன்று. 2023 மே 6 அன்று டல்லாஸுக்கு வடக்கே ஆலன் நகரில் உள்ள வணிக வளாகத்தில் எட்டுப் பேர் கொல்லப்பட்டபோது, இறந்தவர்களுள் ஒருவர் தெலங்கானாவைச் சேர்ந்த இளம் பொறியாளர். இந்தியக் குடும்பங்கள் ஏராளமாக வாழும் பகுதி அது; வார இறுதியில் துணி வாங்கச் செல்லும் வளாகம் அது. அங்கிருப்பவர்களிடம் விழுக்காட்டுக் கணக்கைக் காட்டி ‘பயப்படாதீர்கள்’ என்று கூறுவதால் பயனில்லை. வாயில்கள் எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, வந்த வேலையைக் கவனிப்பது போதுமான எச்சரிக்கை. திரையரங்கில் முழுப் படமும் வாயிலையே பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தால், அல்லது கோவிலுக்கும் பூங்காவுக்கும் போவது நின்றேவிட்டால், அச்சம் தன் வேலையைத் தாண்டிப் போய்விட்டது என்று பொருள்.

செய்தியை எந்த அளவுக்குப் பின்தொடரலாம்? பார்க்காமல் இருந்தால் சுயநலமாகத் தோன்றுகிறதே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு அறிவுரையைத்தான் பின்பற்றுவேன் என்பவர்கள் இதைப் பின்பற்றலாம்: நேரலையை அணைத்துவிடுங்கள்.

2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பின், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் அந்நிகழ்வின் பாதிப்பை அளந்தனர். அடுத்த ஒரு வாரத்தில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அது பற்றிய செய்திகளில் மூழ்கியிருந்தவர்கள், சம்பவ இடத்திலேயே இருந்தவர்களைவிட அதிகமான கடும் மன அழுத்த அறிகுறிகளைக் காட்டினர். அதே ஆய்வுக் குழு 4,000க்கும் மேற்பட்டோரை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட முடிவு இன்னும் முக்கியமானது. பாஸ்டன் செய்திகளை மிகுதியாகப் பார்த்தவர்கள் பின்னாளில் கூடுதலாகக் கவலைப்பட்டனர். அந்தக் கவலையே 2016இல் ஆர்லாண்டோவின் பல்ஸ் கேளிக்கை விடுதியில் 49 பேர் கொல்லப்பட்டபோது அவர்களை மேலும் அதிகமாகச் செய்தி பார்க்கத் தூண்டியது. அது மேலும் கவலையை வளர்த்தது. ஒரு சுற்று அடுத்த சுற்றுக்கு வழிவிடுகிறது.

ஒரு சம்பவத்தின் முதல் சில மணி நேரத்தில் வெளிவரும் தகவல்களில் பல பிறகு திருத்தப்படுபவை: சுட்டவர் எத்தனை பேர், இறந்தவர் எத்தனை பேர், காரணம் என்ன என்பனவெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். விழித்திருந்து பார்ப்பவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் வதந்தியே. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை நம்பகமான செய்தியை வாசித்தால் அறிய வேண்டியவை அனைத்தும் தெரிந்துவிடும். பார்ப்பதைவிட வாசிப்பது மனத்துக்கு இலேசானது. கைப்பேசிக் காணொளிகளைத் தானாக ஓடவிடும் அமைப்பை நிறுத்திவையுங்கள். ஆலன் சம்பவத்தின்போது இறந்தவர்களின் கொடூரமான படங்கள் ட்விட்டரில் எவ்விதத் தடையுமின்றிப் பரவின. அத்தகைய படத்தை வாட்ஸ்அப் குழுவில் பகிர்பவரிடம் பகிர வேண்டாம் என்று மரியாதையாகக் கூறுவது நாகரிகக் குறைவன்று. பார்க்காமல் இருப்பதால் இறந்தவர்களுக்கு எந்த அவமரியாதையும் நேர்வதில்லை. அவர்களின் குடும்பங்களே அந்தப் படங்களை நீக்கும்படி கேட்பதுண்டு.

ஒவ்வொரு முறையும் தலைவர்கள் ‘பிரார்த்திக்கிறோம்’ என்று அறிக்கை விடுகிறார்கள். எனக்கு எல்லோர் மீதும் கோபம் வருகிறது. எனக்கு இங்கே வாக்குரிமையும் இல்லை. என்ன செய்வது?

கோபம் வருவது நியாயம். கொடியை அரைக் கம்பத்தில் பறக்கவிடுவது, அறிக்கை, மெழுகுவத்தி, பிறகு மறதி என்ற ஒழுங்கு மாறாமல் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கையாலாகாத உணர்வு எழத்தான் செய்யும். எதுவுமே மாறவில்லை என்பதும் முழு உண்மையன்று. யுவால்டிக்குப் பின் ஒரு மாதத்தில், 2022 ஜூன் 25 அன்று, ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு முக்கியமான கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம் இரு கட்சிகளின் வாக்குகளோடும் நிறைவேறிக் கையெழுத்தானது. அது போதுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. போதாது என்பதே இதை எழுதுபவரின் எண்ணமும்.

வாக்குரிமை இல்லாதவரும் செய்யக்கூடிய காரியங்கள் உள்ளன. பள்ளி வாரியக் கூட்டங்களில் பேசக் குடியுரிமை தேவையில்லை. அங்கு வசிப்பவராக இருந்தால் போதும். அதைவிடப் பயனுள்ள ஒன்றும் உண்டு. அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, பள்ளித் தாக்குதல்களில் துப்பாக்கியைப் பயன்படுத்திய மாணவர்களுள் நான்கில் மூவர் அதைப் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தே எடுத்திருந்தனர். எனவே உங்கள் பிள்ளை நண்பன் வீட்டுக்கு விளையாடச் செல்லும் முன், ‘உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?’ என்று கேட்டுவிடுங்கள். நம் பழக்கத்துக்கு இது மிகவும் சங்கடமான கேள்வி. குழந்தைக்குக் கடலை ஒவ்வாமை இருக்கிறது என்று தயங்காமல் சொல்கிறோம். அந்தத் தொனியிலேயே இதையும் கேட்கலாம். அங்குள்ள குழந்தை மருத்துவர்களும் கேட்கும்படியே அறிவுறுத்துகின்றனர்.

குழந்தையிடம் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா?

மிகச் சிறிய குழந்தையின் காதுக்கு எட்டாதபடி பார்த்துக்கொள்ள முடிந்தால் அப்படியே செய்யலாம். பள்ளி செல்லும் வயது வந்துவிட்டால் மறைப்பது பலிக்காது, பேருந்திலேயே கேள்விப்பட்டுவிடும். உங்களிடமிருந்து முதலில் கேட்பதே நல்லது. ‘நீ என்ன கேள்விப்பட்டாய்?’ என்று தொடங்கி, அது கூறியதில் உள்ள தவறுகளை மட்டும் திருத்தி, கேட்டதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில் கூறுங்கள். ‘இங்கே அப்படி நடக்கவே நடக்காது’ என்று சத்தியம் செய்ய வேண்டாம்; உங்களால் காப்பாற்ற இயலாத வாக்கு அது. ‘உன்னைப் பாதுகாக்கப் பல பெரியவர்கள் வேலை செய்கிறார்கள், இப்படி நடப்பது அரிது’ என்பது உண்மையும்கூட.

பதின்வயதினரின் நிலை வேறு. 2018இல் ஃப்ளோரிடாவின் பார்க்லாந்து பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட சில வாரங்களில் பியூ ஆய்வு மையம் எடுத்த கணிப்பில், தம் பள்ளியிலும் இப்படி நடக்கக்கூடும் என்று தாம் கவலைப்படுவதாக 57 விழுக்காட்டுப் பதின்வயதினர் கூறினர். இவர்களுக்கு ஆறுதலைவிட உரையாடல் தேவை. ‘இதையெல்லாம் நினைக்காதே, படிப்பைப் பார்’ என்று நம் வீடுகளில் வழக்கமாகச் சொல்லப்படும் பதில், பிள்ளை அடுத்த முறை உங்களிடம் வராமல் இருப்பதற்கு மட்டுமே உதவும். போராட்டத்துக்கோ நினைவுக் கூட்டத்துக்கோ செல்ல விரும்பினால் கூடவே சென்றுவாருங்கள்.

பள்ளியில் லாக்டவுன் பயிற்சி என்கிறார்கள். அதற்குப் பிறகு என் மகள் தனியாகக் கழிவறைக்குப் போகவே பயப்படுகிறாள்.

கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் 1999 ஏப்ரல் 20 அன்று 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் கொல்லப்பட்ட பின் பரவத் தொடங்கிய இப்பயிற்சி, இன்று அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஏறக்குறைய எங்கும் உண்டு. கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, கண்ணில் படாத மூலையில் சத்தமின்றி அமர்ந்திருப்பதே அதன் சாரம். அமைதியாக, முன்னறிவிப்புடன் செய்யப்படும் இந்த எளிய பயிற்சி பெரும்பாலான குழந்தைகளுக்குத் தீயணைப்புப் பயிற்சியைப் போலவே கடந்துபோகிறது.

சிக்கல் எழுவது அதை நாடகமாக்கும்போது: முன்னறிவிப்பின்றி அபாய ஒலி எழுப்புவது, வெற்றுத் தோட்டாக்களைச் சுடுவது, காயம்பட்டவர்களைப் போல் சிலரை நடிக்கவைப்பது. 2019இல் இந்தியானா மாநிலப் பள்ளி ஒன்றில் நடந்த பயிற்சியில் ஆசிரியர்களைச் சுவரோரம் மண்டியிடச் செய்து பிளாஸ்டிக் குண்டுகளால் சுட்டதாகப் புகார் எழுந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2020இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், குழந்தைகளை ஏமாற்றி உண்மைச் சம்பவம் என்று நம்பவைக்கும் பயிற்சிகளை நடத்தக் கூடாதென்று தெளிவாகக் கூறியிருக்கிறது. பயிற்சி எந்த நாளில், எந்த வடிவில் நடக்கும் என்று பள்ளியிடம் கேட்பதும், உங்கள் மகளுக்கு அதற்கு முன்பே ஆலோசகர் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று கோருவதும் பெற்றோர் என்ற முறையில் உங்களுக்குரிய உரிமை. கழிவறை அச்சத்துக்கு அடியில் பெரும்பாலும் ஒரு நேரடியான கேள்வி இருக்கிறது: ‘நான் வகுப்புக்கு வெளியே இருக்கும்போது கதவைப் பூட்டிவிட்டால் என்ன செய்வேன்?’ அதற்கு ஆசிரியரிடமிருந்து தெளிவான பதிலைப் பெற்றுத் தாருங்கள். பல குழந்தைகளுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

இறந்தவர் நம்மவர் என்றால் மட்டும் எனக்கு அதிகம் வலிக்கிறது. இது தவறா?

தவறில்லை. 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் கொல்லப்பட்ட 32 பேருள் பேராசிரியர் ஜி. வி. லோகநாதனும் ஒருவர். கோபிச்செட்டிபாளையம் பகுதியில் பிறந்து, நீரியல் துறையில் ஆய்வு செய்து, அங்கு கால் நூற்றாண்டு பாடம் நடத்தியவர், வகுப்பறையிலேயே இறந்தார். அந்தச் செய்தி வந்த நாளில் கொங்கு நாட்டில் எத்தனையோ வீடுகளில் அமெரிக்க வரைபடம் திடீரென அருகே வந்தது. 2012 ஆகஸ்ட் 5 அன்று விஸ்கான்சினின் ஓக் க்ரீக் குருத்வாராவில் ஆறு சீக்கியர்கள் கொல்லப்பட்டபோது, தம் கோவில்களை நினைத்துக் கலங்கியவர்கள் தமிழர்களிலும் உண்டு. தோற்றத்தாலோ நம்பிக்கையாலோ குறிவைக்கப்படுவோம் என்ற அச்சம் தனி வகையானது. அதை வெறும் புள்ளிவிவரத்தால் தணிக்க இயலாது. அருகில் உள்ளதற்கு முதலில் துடிப்பது இயற்கை. அந்தத் துடிப்பு மற்றவர்களின் இழப்பைப் புரிந்துகொள்ள வழி திறந்துவிட்டால் நல்லது. திறக்காவிட்டாலும் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

சுட்டவன் யார், ஏன் சுட்டான் என்று தேடித் தேடிப் படிக்கிறேன். நிறுத்த முடியவில்லை.

காரணம் தெரிந்தால் தடுத்துவிடலாம் என்று மனம் நம்புவதால் இந்தத் தேடல் எழுகிறது. ஆனால் பெரும்பாலும் மனம் நிறையும் விடை கிடைப்பதில்லை. புகழ் தேடி இச்செயலைச் செய்பவர்களும், முன்னவர்களைப் பார்த்துப் போலச் செய்பவர்களும் இருப்பதால், கொலையாளியின் பெயரையும் படத்தையும் ஊடகங்கள் பெரிதாக்கக் கூடாதென்று, 2012இல் கொலராடோவின் அரோராவில் ஒரு திரையரங்கில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மகனை இழந்த பெற்றோர் ஓர் இயக்கமே தொடங்கினர். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2019இல் 51 பேர் கொல்லப்பட்டபோது, அன்றைய பிரதமர் ஜெசிண்டா ஆர்டர்ன் கொலையாளியின் பெயரைத் தாம் உச்சரிக்கப்போவதில்லை என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். நீங்களும் அந்தப் பெயரைத் தேடாமல் விட்டுவிடலாம்.

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஒவ்வொரு முறையும் பதறிப்போய் அழைக்கிறார்கள். எங்கோ நடந்ததற்கு நான் ஏன் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று எரிச்சல் வருகிறது.

அவர்களுக்குத் தொலைக்காட்சி காட்டுவது ‘டெக்சஸ்’ என்ற ஒரே சொல்லைத்தான். அந்த மாநிலம் தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் பெரியது என்பதும், எல் பாசோவுக்கும் டல்லாஸுக்கும் இடையே ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தொலைவு என்பதும் அந்த நேரத்தில் அவர்களின் நினைவுக்கு வராது. அவர்கள் கேட்க நினைப்பது உங்கள் குரலை மட்டுமே. செய்தி பரவத் தொடங்கியதுமே ‘நாங்கள் நலம், இது வேறு ஊர்’ என்று குடும்பக் குழுவில் ஒரு குரல்பதிவைப் போட்டுவிட்டால் நள்ளிரவு அழைப்புகளில் பாதி குறைந்துவிடும். ‘போதும், ஊருக்கு வந்துவிடு’ என்ற பேச்சை அந்த அழைப்பிலேயே விவாதித்து முடிவெடுக்க வேண்டாம். அச்சம் தணிந்த பின் பேச வேண்டிய பொருள் அது.

எப்போது உதவி தேட வேண்டும்? ஆலோசகரிடம் போனால் வேலைக்கோ கிரீன் கார்டுக்கோ பாதகம் வருமா?

தூக்கமின்மை, பதற்றம், விலகிய மனநிலை, இடங்களைத் தவிர்த்தல் ஆகியவை நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, குடிப்பழக்கம் கூடினாலோ, வாழ்வதே வீண் என்ற எண்ணம் ஒருமுறை எழுந்தாலோ காத்திருக்க வேண்டாம். முன்பே போரையோ வன்முறையையோ நேரில் கண்டவர்கள், ஈழத்திலிருந்து வந்தவர்கள் உட்பட, இச்செய்திகளால் பழைய நினைவுகள் கிளறப்பட்டுக் கூடுதலாகத் துன்புறலாம். அவர்கள் நான்கு வாரம் என்ற கணக்கைப் பார்க்கவே தேவையில்லை.

பல அமெரிக்க நிறுவனங்கள் ஊழியர் உதவித் திட்டத்தின் கீழ்ச் சில ஆலோசனை அமர்வுகளைக் கட்டணமின்றி வழங்குகின்றன. அங்கே நீங்கள் பேசியவை மேலாளருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. கிரீன் கார்டுக்கான மருத்துவப் பரிசோதனையில் கவனிக்கப்படுவது, தமக்கோ பிறருக்கோ தீங்கு விளைவிக்கும் நடத்தையுடன் கூடிய மனநலக் கோளாறு உண்டா என்பதே. பதற்றத்துக்காக ஆலோசகரிடம் பேசியது மட்டுமே விண்ணப்பத்துக்குத் தடையாவதில்லை. உங்கள் வழக்கில் தனிச் சிக்கல் ஏதும் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் மனநல நெருக்கடி உதவிக்கான 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். இந்தியாவில் இருக்கும் பெற்றோருக்கு இந்தக் கவலை உடல்நிலையைப் பாதிக்கும் அளவுக்குப் போனால், அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே அழைத்துப் பேசலாம்.